அரும்பு ஏன் ரீலில் வருவதில்லை?

ஜூன் பிறந்தால் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கையில் நோட்டீஸோடு தெருத்தெருவாகப் போவார்கள். டீக்கடை வாசலில் ஒரு பேனர், ஊராட்சி மன்றத் தலைவரோடு ஒரு பேரணி, கோயில் மைக்கில் ஓர் அறிவிப்பு. இப்போது ரீல் போடுகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் டிரெண்டிங் இசைக்குக் கைகால் அசைக்க, மேலே பள்ளியின் பெயரும் கீழே ஊரின் பெயரும் ஓடுகின்றன. லைக்குகள் குவிகின்றன. "டீச்சர்னா இப்படி இருக்கணும்" என்று துபாயிலிருந்து ஒருவர் நெகிழ்கிறார்.

இதைப் பாராட்டாதவர் இன்று அபூர்வம். கல்வி பற்றிப் பேசும் மேடைகளிலும் ஆசிரியர் பயிற்சிகளிலும் பத்திரிகைகளிலும் ஒரே குரல்தான். பிள்ளைகள் வாழும் உலகமே கைபேசிதான், வகுப்பறையும் அங்கே போயாக வேண்டும் என்கிறார்கள். கேமரா முன் பேசினால் கூச்சம் போகும், பெற்றோருக்கு நம்பிக்கை வரும், அரசுப் பள்ளியின் மதிப்பு உயரும் என்கிறார்கள். மறுத்துப் பேசுகிறவருக்குப் பழைய பஞ்சாங்கம் என்று பட்டம். அந்தப் பட்டத்தை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டே சொல்கிறேன்: ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் சமூக ஊடகத்துக்கு வேலை கிடையாது.

எதை மறுக்கிறேன் என்பதில் குழப்பம் வேண்டாம். திமிங்கிலம் எப்படி மூச்சு விடுகிறது என்று யூடியூபில் தேடிப் பிள்ளைகளுக்குக் காட்டும் ஆசிரியரோடு எனக்குச் சண்டை இல்லை. பாடம் நடத்தும் வழிகளை முகநூல் குழுக்களில் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஆசிரியர்களை மதிக்கிறேன். அங்கே பேசுவோர் எல்லாரும் பெரியவர்கள். பிள்ளையின் முகத்தையும் குரலையும் நோட்டையும் தப்பையும் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் வைப்பதைத்தான் மறுக்கிறேன். அதைவிட முக்கியமாக, அப்படி வைப்பதற்காக வகுப்பு நடக்கும் விதமே மாறிப்போவதை மறுக்கிறேன்.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை ஒரு பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் மூச்சுவிடாமல் சொல்ல வேண்டும்; அதுதான் அன்றைய ரீல். திருப்பத்தூரில் வந்து தடுக்கிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் "முதல்லேருந்து சொல்லும்மா" என்றார் டீச்சர். மற்ற பிள்ளைகள் வாய்மேல் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் ஏதோ எழுதி முடித்து, காட்டுவதற்காக நோட்டோடு எழுந்தான். "டேய் உக்காரு, வீடியோல விழுவ" என்று லீடர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் நோட்டை எட்டிப் பார்த்தேன். 'கப்பல்' என்பதைக் 'கபல்' என்று எழுதியிருந்தான்.

தமிழ் எழுதப் பழகும் பிள்ளை கடக்க வேண்டிய பெரிய மேடு அந்த ஒற்றெழுத்து. தப்பை அடித்துக் காட்டினால் மட்டும் பிள்ளை அதைத் தாண்டிவிடாது. நல்ல ஆசிரியர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து "கப்பல்னு சொல்லு, நடுவில உதடு ஒட்டுதா?" என்று கேட்பார். பிள்ளை சொல்லிப் பார்க்கும். உதடு ஒட்டும். "அந்த ஒட்டுறதுக்கு ஓர் எழுத்து வேணும்ல?" என்பார். பிள்ளையின் கண்ணில் ஏதோ விளங்கும். மறுநாள் 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கும். திரும்பவும் சொல்லிப் பார்க்க வேண்டும், திரும்பவும் நாக்கு எங்கே நிற்கிறது என்று கவனிக்க வைக்க வேண்டும். மாதக்கணக்கில் நடக்கும் இந்த வேலைதான் தொடக்கக் கல்வி. இதில் பார்க்க ஒன்றும் இருக்காது. முப்பது நொடியில் அடங்காது. யாரும் லைக் போட மாட்டார்கள்.

2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இந்த உண்மையை ஒப்புக்கொண்டு பிறந்த திட்டம். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வந்துவிட வேண்டும் என்பது இலக்கு. ஒரே வகுப்பில் இருந்தாலும் பிள்ளைகளின் கற்றல் நிலை வேறு என்பதால் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்துப் பயிற்சி தரச் சொன்னார்கள். எழுத்தையே இன்னும் அடையாளம் காணத் தடுமாறும் பிள்ளை அரும்பு. சரளமாக வாசிப்பது மலர். திட்டத்தில் குறைகள் உண்டு. ஆனால் ஆசிரியரின் கண்ணை அரும்பின் பக்கம் திருப்பியது அது செய்த நல்ல காரியம்.

கைபேசியின் கண் மலரைத் தேடுகிறது. சரளமாகப் பேசுகிற, பளிச்சென்று சிரிக்கிற, திக்காத, சளி ஒழுகாத பிள்ளையைத் தேடுகிறது. தொடக்கப் பள்ளி ரீல்கள் பத்தைப் பார்த்தால் போதும். ஒரு பள்ளிக்கு இரண்டு மூன்று முகங்களே மாறி மாறி வரும். அரும்புக்கு அதில் இடம் கிடையாது. அது ஃபிரேமுக்கு வெளியே வாய்மேல் விரலோடு உட்கார்ந்திருக்கும். டீச்சருக்கு எது முக்கியம், அதில் தனக்கு என்ன பங்கு என்பதை அங்கிருந்தே கற்றுக்கொண்டும் இருக்கும். அந்தப் பாடத்தை யாரும் திட்டமிட்டு நடத்தவில்லை, ஆனாலும் அது நன்றாகப் பதியும்.

1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தவர் மரியா மாண்டிசோரி. ஒரு பிள்ளை வேலையில் ஆழ்ந்திருக்கும்போது பாராட்டுக்காகக் கூட இடையில் நுழையாதீர்கள் என்று ஆசிரியர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவர் அவர். பாராட்டு கேட்ட கணத்தில் பிள்ளையின் கவனம் வேலையிலிருந்து பெரியவரின் முகத்துக்குத் தாவிவிடும் என்பது அவர் கவலை. ஒரே ஓர் ஆசிரியரின் "சபாஷ்" இவ்வளவு செய்யுமென்றால், எண்ணிக்கை காட்டும் இதயக்குறி என்ன செய்யும்?

கூச்சம் போகிறதே என்பார்கள். போகிறது, மறுக்கவில்லை. கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் துணிச்சல் வருகிறது. வகுப்பில் கையைத் தூக்கி "எனக்குப் புரியல டீச்சர்" என்று சொல்லும் துணிச்சல் அதிலிருந்து வளர்வதில்லை. படிப்புக்கு வேண்டியது இந்த இரண்டாவது துணிச்சல். தப்பாகச் சொன்னால் ரீடேக் என்று பழகிய இடத்தில் அது வளர இன்னும் சிரமம்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் எனக்கு மதிப்பு உள்ளவற்றில் முதலாவது இது. அரசுப் பள்ளிகளில் சேர்க்கை சரிகிறது, தனியார் பள்ளிகள் விளம்பரத்துக்குக் கொட்டுகின்றன, நாங்கள் செய்யும் நல்ல வேலையை ஊருக்குச் சொல்ல வேறு என்ன வழி என்று கேட்கிறார்கள். இதைச் சொல்கிற ஆசிரியர்களில் பலர் உண்மையிலேயே உழைப்பவர்கள். சொந்தக் காசில் சுண்ணாம்பும் பெயிண்டும் வாங்குகிறவர்கள். பதினைந்து பிள்ளைகளுக்குக் கீழே போனால் பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற பயத்தில் தூங்காதவர்கள். அவர்களைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆனால் பிள்ளைகள் ஏன் போகிறார்கள் என்று தெருவில் விசாரித்துப் பாருங்கள். எல்.கே.ஜி. வேண்டும் என்பார்கள், வீட்டு வாசலுக்கு வேன் வர வேண்டும் என்பார்கள், ஆங்கிலம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், "அங்க ரெண்டு டீச்சர்தான், அஞ்சு கிளாஸ்" என்பார்கள். இந்தக் கடைசிப் பதிலை எந்த ரீலும் மாற்றாது. சொல்லப்போனால் ரீல் அதை இன்னும் மோசமாக்குகிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் அரைமணி நேரம் படம்பிடித்தால், மற்றவர் அந்த அரைமணி நேரம் ஐந்து வகுப்பையும் மேய்க்கிறார். பிறகு எடிட்டிங் இருக்கிறது, பாட்டு சேர்ப்பது இருக்கிறது, பின்னூட்டத்துக்கு நன்றி சொல்வது இருக்கிறது. எமிஸ் என்னும் இணையத் தகவல் பதிவே வகுப்பு நேரத்தைத் தின்கிறது என்று பல ஆண்டுகளாக நியாயமாகப் புலம்பும் ஆசிரியர்கள், அதன்மேல் இந்தச் சுமையைத் தாமாகவே தூக்கி வைத்துக்கொள்வது எனக்கு விளங்கவில்லை.

பெற்றோரை ஈர்க்கும் திட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு நம் கண்முன்னே உதாரணம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது காலை உணவுத் திட்டம். விடியற்காலை வேலைக்குப் போகும் தாய்க்கு அந்தக் கிச்சடியும் உப்புமாவும் போதிய விளம்பரம். அங்கேயும் கைபேசி வந்து நிற்பதுதான் கொடுமை. வாயில் வைத்த கவளத்தோடு பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறது, படம் எடுக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை சாப்பிடும்போது ஓர் அதிகாரி எதிரே நின்று படம் பிடித்து ஊருக்குப் போட்டால் சும்மா இருப்பீர்களா?

நன்கொடை வீடியோக்கள் இன்னொரு வகை. யாரோ ஒரு புண்ணியவான் இருபது ஜோடி ஷூ வாங்கித் தருகிறார். வரிசையில் நிற்க வைத்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் கும்பிட்டு "நன்றி அங்கிள்" என்று கோரஸ் பாட வேண்டும். இன்னாருக்கு அப்பா இல்லை, இன்னாருக்கு அம்மா இல்லை என்ற தகவலும் சில வீடியோக்களில் குரலாகவே வருகிறது. உருக்கமாக இருந்தால் அடுத்த நன்கொடை வரும் என்பது கணக்கு. அந்தப் பிள்ளை பதினாறு வயதில் ஒரு பாலிடெக்னிக்கில் சேரும்போது, கூடப் படிக்கிறவன் அந்த வீடியோவைத் தேடி எடுத்துக் குரூப்பில் போடுவான் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

பெயர்ப் பலகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் மாநிலத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று பள்ளியின் பெயரே பிள்ளையின் சமூகத்தைச் சொல்லிவிடும் இடங்கள் உண்டு. நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து இந்தச் சாதி ஒட்டுகளை நீக்கச் சொன்னது. அந்தப் பெயரை ரீலின் தலையில் எழுதி, அதற்குக் கீழே எட்டு வயதுப் பிள்ளையின் முகத்தையும் ஊரையும் வைத்து உலகத்துக்கு அனுப்புகிறோம். பின்னூட்டங்களில் என்ன வந்து விழுகிறது என்பதை அந்த ஆசிரியர்களே அறிவார்கள். பல பக்கங்களில் காலையில் முதல் வேலை பின்னூட்டம் அழிப்பதுதான்.

"பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம்" என்பது அடுத்த பதில். சேர்க்கை நாளில், டி.சி.யும் ஆதாரும் வாங்கும் கையோடு நீட்டப்படும் தாளில், கல்லுடைக்கும் தகப்பன் போடும் கையெழுத்து அது. முடியாது என்று சொன்னால் டீச்சர் பிள்ளையை எப்படிப் பார்ப்பாரோ என்ற பயம் அவருக்கு. சுவீடனில் ஷெல்லெஃப்டியோ என்ற ஊரின் மேல்நிலைப் பள்ளி ஒன்று, முகமறியும் கேமரா வைத்து வருகைப் பதிவெடுத்துப் பார்த்தது. ஒப்புதல் வாங்கித்தான் செய்தார்கள். ஆனாலும் 2019-இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. பள்ளிக்கும் அதை நம்பியிருப்பவர்களுக்கும் இடையே அதிகாரம் சமமாக இல்லாதபோது வாங்கிய ஒப்புதல் செல்லாது என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. சுவீடனிலேயே சமமில்லை என்றால் செய்யாறில், அரூரில், கமுதியில் எப்படி இருக்கும்?

இந்தியாவிலும் 2023-இல் வந்த எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்கிறது. குழந்தையின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தையின் நலனைக் கெடுக்கக்கூடிய எந்தப் பயன்பாட்டையும் தடுக்கிறது. இதன் எந்தப் பிரிவு ஓர் ஆசிரியரின் கைபேசியைத் தொடும் என்று வக்கீல்கள் வாதாடட்டும். இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் தாமே 13 வயது என்று கோடு போட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் இன்ஸ்டாகிராம் போன்றவற்றுக்கு அந்தக் கோட்டை 16-க்கு நகர்த்தியது. யூடியூபையும் அதில் சேர்த்தது. உலகம் போகும் திசை இப்படி இருக்க, ஆறு வயதுப் பிள்ளையை ஆசிரியரின் கணக்கு வழியாக உள்ளே தூக்கிவிடுவதை நாம் மட்டும் புதுமை என்கிறோம்.

ஆபத்தை மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், கம்பெனிகளே செய்ததைப் பாருங்கள். சிறுவர்கள் விளையாடுவதும் உடற்பயிற்சி செய்வதுமான மிகச் சாதாரண வீடியோக்களின் கீழே வக்கிர ஆசாமிகள் கூடி, குறிப்பிட்ட நொடியைச் சுட்டிக்காட்டிப் பின்னூட்டமிடுவது 2019 பிப்ரவரியில் அம்பலமானது. விளம்பரதாரர்கள் விலகினார்கள். சிறுவர்கள் தோன்றும் வீடியோக்களில் பின்னூட்டப் பகுதியையே மூடும் நிலைக்கு யூடியூப் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பெற்றோரைக் கேட்காமல் சிறுவர்களின் தரவைத் திரட்டிய வழக்கில் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த வீடியோக்களை ஏற்றியவர்களில் நல்ல மனதுள்ள பெற்றோர்களும் இருந்தார்கள். நம் ஆசிரியர்களும் நல்ல மனதுள்ளவர்களே. யார் பார்க்கிறார்கள் என்பதை முடிவு செய்யும் இடத்தில் இருவருமே இல்லை.

வகுப்பறையைச் சமூக ஊடகத்துக்குக் கொண்டுபோகும் யோசனை நம் ஊரில் பிறந்ததும் அல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்றாம் வகுப்புக்கென்றே ட்விட்டர் கணக்கு தொடங்கி, பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஆசிரியர் தட்டச்சு செய்யும் பழக்கம் பரவியது. புரட்சி என்று கொண்டாடினார்கள். 2022-இல் அந்தக் கம்பெனி கைமாறியது, மறு ஆண்டு பெயரே போனது. இங்கே 2020 ஜூனில் ஓர் இரவில் டிக்டாக் மறைந்தது. வகுப்பறையின் நினைவுகளை அடுத்தவன் நிலத்தில் நட்டால் இப்படித்தான்.

இனி ஒரு பிரபலமான வாதம். தண்ணீரில் இறக்காமல் நீச்சல் கற்றுத்தர முடியுமா, சமூக ஊடகத்தைப் பழக்காமல் அதன் ஆபத்தை எப்படிச் சொல்லித்தருவது என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊர்களில் பிள்ளைக்கு நீச்சல் எப்படிப் பழக்கினார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் இறக்குவார்கள். கிணற்றின் ஆழம் அப்பாவுக்குத் தெரியும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது தெரியும். கயிறு அவர் கையில் இருக்கும். இன்ஸ்டாகிராமின் ஆழம் எந்த ஆசிரியருக்குத் தெரியும்? அதைக் கட்டியவர்களே நாடாளுமன்றக் குழுக்களின் முன் தெரியாது என்றுதான் சாதிக்கிறார்கள்.

ஊடகத்தைப் பற்றிக் கற்பிக்கக் கணக்கு எதுவும் தேவையில்லை. நான்காம் வகுப்பில் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "இதை யார் சொன்னா? எப்ப சொன்னா? அவருக்கு எப்படித் தெரியும்?" என்று மூன்று கேள்வி கேட்டால் போதும்; பிள்ளைகள் பிய்த்து எறிவார்கள். ஒரே மரத்தை இரண்டு கோணத்தில் எடுத்த போட்டோவைக் காட்டி, எதில் மரம் பெரிது என்று கேட்கலாம். சோப்பு விளம்பரத்தில் ஏன் எல்லாரும் வெள்ளையாக இருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள். அந்த வகுப்பு மணியடித்தாலும் முடியாது.

அவர்கள் தரப்பில் பாடம் நடத்தத் தெரிந்தவர்கள் சொல்லும் வாதம் இன்னொன்று உண்டு. டீச்சர் மட்டும் திருத்துவதற்காக எழுதும் கட்டுரைக்கு உயிர் இல்லை. யாரோ படிப்பார்கள் என்று தெரிந்தால்தான் பிள்ளை மனம்வைத்து எழுதும் என்கிறார்கள். முழுச் சரி. இதை நூறு ஆண்டுக்கு முன்பே கண்டுகொண்டவர் பிரான்சின் செலஸ்தேன் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டு, நீண்ட நேரம் பேச முடியாத கிராமத்து ஆசிரியர். 1924-இல் தன் வகுப்புக்கு ஒரு சிறிய அச்சுப்பொறியை வாங்கி வைத்தார். பிள்ளைகள் தாங்கள் கண்டதை எழுதினார்கள், தாங்களே எழுத்துக் கோத்தார்கள், மைதடவி அச்சிட்டார்கள். அச்சான தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரிட்டனிக் கடற்கரையோரம் இருந்த இன்னொரு பள்ளிக்குத் தபாலில் போயின. அங்கிருந்து பதில் வந்தது, பொட்டலங்களும் வந்தன. மலையடிவாரப் பிள்ளைகள் மீன்பிடிக்கும் ஊர்ப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார்கள்.

அங்கே வாசகர் இருந்தார்கள். அவர்களுக்குப் பெயரும் முகவரியும் வயதும் இருந்தன. எழுதுகிறவன் போலவே அவர்களும் தப்பு விடுகிறவர்கள். ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் அடுத்த கடிதத்தில் சொல்வார்கள், அதோடு முடிந்தது. வாசகர் வேண்டும் என்ற உண்மையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைக் கூட்டிவந்து நிறுத்துவது நம் ஆட்கள் செய்யும் பிழை. லைக் போட்டுவிட்டுக் கட்டைவிரலால் தள்ளிவிடுகிறவர் பிள்ளை எழுதியதைப் படிக்கவில்லை. பிள்ளைக்கு அது நன்றாகவே தெரியும்.

நமக்கும் இதற்கு மரபு உண்டு. கையெழுத்துப் பத்திரிகை நடத்தாத பள்ளிகள் குறைவாக இருந்த காலம் ஒன்று இருந்தது. 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று பள்ளிக் கல்வித் துறையே 'ஊஞ்சல்' இதழைக் கொண்டுவந்தது. தபால் அட்டை விலை 50 பைசா. ஒகேனக்கல் பக்கத்துப் பள்ளி ஒன்று பாம்பன் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாதம் ஓர் அட்டை எழுதினால், பரிசல் எப்படிச் செய்வது, வள்ளம் எப்படிச் செய்வது என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்ளத் தீராத சங்கதி இருக்கிறது. ஆண்டு முழுவதற்கும் ஆகும் செலவு ஒரு டீ விலை.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பை என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அந்தக் காலத்தில் பல வீடுகளுக்கும் பள்ளிக்கும் இடையே இருந்த ஒரே நூல் அது. நன்றியோடு நினைக்க வேண்டியதுதான். பள்ளி திறந்த பிறகும் அந்த நூலிலேயே வீட்டுப்பாடத்தைக் கட்டித் தொங்கவிட்டிருப்பது வேறு சங்கதி. கைபேசி அப்பாவின் பையில், அப்பா சென்ட்ரிங் வேலையில், வீடு திரும்ப ஒன்பது மணி. அதற்குள் பிள்ளை தூங்கிவிடும். காலையில் "குரூப்ல போட்டேனே, பார்க்கலையா?" என்று ஏழு வயதைக் கேட்கிறார்கள். வீட்டுப்பாடம் முடிக்காதவர் பட்டியலைக் குரூப்பில் போடும் பள்ளிகளும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பிரம்பை மட்டும் தடுக்கவில்லை, மனத்தை வதைப்பதையும் தடுக்கிறது. அறுபது குடும்பம் பார்க்கும் இடத்தில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைப்பதற்கு வேறு என்ன பெயர்? மழை விடுமுறை, தடுப்பூசி முகாம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத் தேதி, இவ்வளவுக்கு அந்தக் குரூப் இருந்தால் போதும்.

இத்தனை பழியையும் ஆசிரியர் தலையில் இறக்கிவிட்டுப் போவது அநியாயம். கைபேசியை வகுப்புக்குள் கொண்டுவந்தது மேலிடம். மரம் நட்டீர்களா, போட்டோ அனுப்புங்கள். உறுதிமொழி எடுத்தீர்களா, போட்டோ அனுப்புங்கள். கைகழுவும் நாள், வாசிப்பு நாள், முட்டை போட்ட நாள், எல்லாவற்றுக்கும் போட்டோ; அதிலும் தேதியும் இடமும் பதிந்த போட்டோ. பத்து மணிக்குள் வராவிட்டால் வட்டார அலுவலகத்திலிருந்து குரூப்பில் பள்ளியின் பெயர் வரும், கேள்விக்குறியோடு. செய்த வேலைக்குப் படம்தான் சாட்சி என்று பத்தாண்டு பழக்கிவிட்டால், படம் விழாத வேலையை யார் செய்வார்கள்? ஆசிரியர் ரீல் எடுப்பது அதிகாரி கேட்ட போட்டோவின் அடுத்த படி. பாதிக் குற்றமாவது கேட்டவருடையது.

ஆகவே என் கோரிக்கையும் அங்கேதான் போகிறது. பிள்ளையின் முகம் தெரியும் எந்தப் படத்தையும் எந்த அலுவலகமும் கேட்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வரட்டும். ஏற்கெனவே ஏற்றியவற்றை இறக்க ஒரு மாத அவகாசம் கொடுக்கட்டும். இரண்டு பேர் ஐந்து வகுப்பு நடத்தும் பள்ளிகளுக்கு மூன்றாவது ஆசிரியரை அனுப்பட்டும். அவர் வந்து சேர்ந்தார் என்பதற்குப் போட்டோ வேண்டாம், பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போதும்.